வருமானத்தைக் கூட்டிச் சொன்ன மனிதர்

வருமான வரி ஆபீசில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு: கல்யாணப் பந்தியில் அவனுக்கு இரண்டு பக்கமும் இலை காலியாக இருக்கும், தாராளமாகக் கையை வீசிச் சாப்பிடலாம். நான் பம்பாய் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, யுத்த காலத்தில் இன்ஸ்பெக்டர் ஆனவன். குடியிருப்பது மாட்டுங்காவில். காய்கறிக் கடைக்குப் போனால் கடைக்காரர் கல்லாப் பெட்டியை மூடிவிட்டு, "வியாபாரமே இல்லை சார்" என்பார். நான் கேட்டது அரை சேர் கத்தரிக்காய்.

மாதா மாதம் வரி பிடித்தது போக மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோகும் சகோதர சகோதரிகளே, உங்கள் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். எனக்கும் பிடிக்கிறார்கள். என்னிடம் பிடித்த வரியை என் கையாலேயே ரிஜிஸ்டரில் ஏற்றி, சரியாக இருக்கிறது என்று நானே இனிஷியலும் போட்டிருக்கிறேன். இந்தக் கொடுமை உங்களுக்கு உண்டா? ஆகவே திட்டுவதைச் சற்று ஒத்திவைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

மின்விசிறி வந்த விதம்

எங்கள் தலைமைக் குமாஸ்தா கல்யாணராமன் பாலக்காட்டுக்காரர். அவருக்கு ஒரு பைத்தியம். வருஷா வருஷம் பட்ஜெட் வந்ததும், சர்க்காருக்கு வரும் ஒரு ரூபாயில் எங்கள் ஆபீஸ் பங்கு எத்தனை அணா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பார். யுத்தத்துக்கு முன்னால் அந்த ரூபாயில் பெரிய பங்கு துறைமுகத்தில் வசூலாகும் சுங்கத்துடையது. உப்பு வரிக்கும் நல்ல இடம் இருந்தது. நாங்கள் கல்யாணத்துக்கு வந்த தூரத்து உறவு மாதிரி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தோம். "அதனாலதான் ஓய் சுங்க ஆபீஸ்ல தலைக்கு ஒரு ஃபேன், நமக்கு ஹாலுக்கே ஒண்ணு" என்று பெருமூச்சு விடுவார். அந்த ஒன்றிலும் காற்றைவிடச் சத்தம்தான் அதிகம் வந்தது.

யுத்தம் வந்தது. கப்பல் வரத்து குறைந்து சுங்கம் படுத்துவிட்டது. வருமான வரியை ஏற்றினார்கள், அதன் தலையில் சர்சார்ஜ் என்று ஒரு மேல்வரி வைத்தார்கள். பட்டாளத்துக்குச் சாமான் விற்றுக் கொழுத்தவர்களுக்கென்று மிகை லாப வரி ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்தார்கள். சில பட்ஜெட்டுகளுக்குள் நாங்கள் ஓரத்திலிருந்து நடு ஹாலுக்கு வந்துவிட்டோம். சர்க்காரின் வரிப் பணத்தில் பாதியை இனி நாம்தான் கொண்டுவரப் போகிறோம் என்று கல்யாணராமன் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். ஒரு நாள் காலையில் மிஸ்திரிகள் ஏணியோடு வந்து நான்கு மின்விசிறிகளை மாட்டிவிட்டுப் போனார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். ப்யூன் பாண்டுரங்குக்கு மட்டும் முகம் தெளியவில்லை. சண்டை முடிந்ததும் விசிறியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்களோ என்பது அவர் கவலை. என் மேஜைக்கு வந்து மெதுவாகக் கேட்டார்: "லடாயி கதம் ஹோனே கே பாத் பங்க்கா வாபஸ் லே ஜாயேங்கே க்யா, சாஹிப்?"

போதாவிட்டால் இன்னும் கொஞ்சம்

அந்த விசிறிகளின் கீழே ஒரு நாள் சுடலைமுத்து வந்து நின்றார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தாராவியில் தோல் வார் தைக்கிறவர். தோல் பதனிடும் ஷெட்டுகளில் மிஞ்சுகிற துண்டுகளை வாங்கி, பைக்கும் பெட்டிக்கும் வார் அறுத்துத் தைத்து, பட்டாளத்துக்குச் சாமான் கொடுக்கும் காண்டிராக்டரின் ஆளிடம் விற்பது தொழில். நாற்காலியைக் காட்டினேன். தோல் வாடை அடிக்கும் என்று அவரே சொல்லிவிட்டு நின்றுகொண்டார். நாங்கள் அவருக்கு நோட்டீஸ் எதுவும் அனுப்பவில்லை. தாமாகவே வந்திருந்தார். "அய்யா, எனக்கு வரி போடணும்" என்றார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

வருமானம் எவ்வளவு என்று கேட்டால் எங்கள் ஆபீசில் எல்லோரும் குறைத்துத்தான் சொல்வார்கள். தாதரில் ஒரு ஜவுளிக்காரர் எட்டு வருஷமாக நஷ்டம் என்றே எழுதிக்கொடுத்து, அந்த நஷ்டத்திலேயே மூன்று மாடி கட்டிவிட்டார். சுடலைமுத்து ஒரு தொகையைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "போதுமா அய்யா? பத்தலன்னா இன்னும் கொஞ்சம் கூட்டி எழுதிக்கிடுங்க" என்றார். விஷயத்தைத் துருவிக் கேட்டேன். அந்தக் காலத்தில் ஓட்டு எல்லோருக்கும் கிடையாது. பள்ளிப் பரீட்சை பாஸ் செய்திருக்க வேண்டும், இல்லை இவ்வளவு வாடகைக்கு மேல் ஒரு வீட்டில் குடியிருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் வருமான வரி கட்ட வேண்டும். இவர் பள்ளிக்கூடம் போனதில்லை. குடிசைக்கு வாடகை கொடுக்கிறார், ஆனால் அதற்குக் காகிதம் எதுவும் கிடையாது. பாக்கி இருந்த ஒரே வாசல் எங்கள் ஆபீஸ்தான்.

போன தேர்தலில் ஓர் அபேட்சகர் அவர்கள் சந்து முனைக்குக் காரில் வந்தாராம். அறுபது குடும்பம் இருக்கிற சந்தில் தண்ணீர்க் குழாய் ஒன்றுகூட இல்லை. அதைக் கேட்கலாம் என்று ஜனங்கள் காத்து நின்றிருக்கிறார்கள். அபேட்சகர் கண்ணாடியை இறக்கி, இங்கே எத்தனை ஓட்டு என்று கேட்டிருக்கிறார். ஒன்றும் இல்லை என்றதும் காலைக்கூட வெளியே வைக்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாராம். "ஒத்த ஓட்டு இருந்தாப் போதும்யா, வண்டிய விட்டு எறங்குவாம்லா. எறங்கிட்டாம்னா கொழாயக் கேட்டுருவோம்" என்றார் சுடலைமுத்து. மனுவை எழுதி, கைநாட்டு வாங்கி, ஆபீசரிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு இங்கிலீஷில் சொன்னதன் தமிழ் இது: "இருபது வருஷமாகக் குறைத்துச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கூட்டிச் சொல்கிறான் என்றால் இவன் அவர்களைவிடப் பெரிய கள்ளனாக இருக்க வேண்டும், நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாரும்."

பஜ்ஜி ஆறிய கதை

தாராவிக்குப் போவதற்கு முன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இன்னொரு விசாரணை வந்து சேர்ந்தது. எங்கள் மாடியில் குடியிருக்கும் சுப்பராமய்யர் தம் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டுங்காவில் அப்போதெல்லாம் பிள்ளை வீட்டார் சொல்லும் சம்பளத்தைப் பாதியாக்கிக்கொண்டு பேச்சை ஆரம்பிப்பது வழக்கம். "ஃபைலைப் பாத்து, பையன் இன்கம்டாக்ஸ் கட்டறானா இல்லையான்னு மட்டும் சொல்லிடுங்கோ, போறும்" என்றார். ஒருவர் கணக்கை இன்னொருவரிடம் சொல்வது குற்றம், என் வேலை போய்விடும் என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பெண் பார்க்க அவர்கள் வந்த அன்று அக்கம்பக்கத்து மனிதன் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டு உட்கார்த்தினார். பஜ்ஜி வந்தது, காப்பி வந்தது, பெண்ணும் வந்து நமஸ்காரம் செய்துவிட்டுப் போனாள். பையன் பேசவே இல்லை. பூனை மாதிரி உட்கார்ந்திருந்தான். சுப்பராமய்யர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இப்போ சம்பளத்துல வரி கிரி ஜாஸ்தியா பிடிக்கறாளோ?" என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டார். அவ்வளவுதான். பையன் கையிலெடுத்த பஜ்ஜியைத் தட்டில் போட்டான். சர்சார்ஜ் என்ன விகிதம், இன்ஷூரன்ஸ் பிரீமியத்துக்கு எவ்வளவு தள்ளுபடி, அதைச் சம்பளக் குமாஸ்தா எப்படி மறந்தான், போன மார்ச்சில் எவ்வளவு கூடுதலாகப் பிடித்தார்கள், திரும்ப வாங்க எத்தனை தடவை அலைந்தான் என்று கால் மணி நேரம் மூச்சு விடாமல் எங்கள் இலாகாவைப் பிடிபிடியென்று பிடித்தான். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுப்பராமய்யர் என்னை உள்ளே இழுத்துக்கொண்டு போய் முகமெல்லாம் பல்லாகச் சொன்னார்: "இந்த வயித்தெரிச்சல் நிஜமாக் கட்டறவனுக்குத்தான் ஓய் வரும், முகூர்த்தத்துக்கு நாள் பாத்துடலாம்."

ஒரு டம்ளர் தண்ணீர்

மறுநாள் லேபர் கேம்ப் என்ற தொழிலாளர் குடியிருப்பு வழியாக நடந்து தாராவிக்குப் போனேன். சுடலைமுத்து வீட்டில் இருந்த ஆஸ்தி ஒரு மரக்கட்டை, இரண்டு கத்தி, குத்தூசிகள், மெழுகு நூல். அவரும் மனைவி பேச்சியும் எதிரெதிராக உட்கார்ந்து வார் தைத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய கள்ளனைப் பிடிக்க வந்த நான் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து கணக்கைக் கேட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை வார், ஒன்று என்ன விலை என்று கேட்டுக்கொண்டே வந்ததில் விஷயம் உடைந்தது. விற்ற பணம் முழுவதையும் வருமானம் என்று சொல்லியிருக்கிறார். தோல் வாங்கின செலவை ஏன் கழிக்கவில்லை என்றேன். "கழிச்சா எட்டாதுன்னு தெரியும்லாய்யா" என்று தலையைச் சொறிந்தார்.

பேச்சி ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். வெயிலில் நடந்து வந்தவன் மடக்கென்று குடித்துவிட்டு இன்னொன்று கேட்டேன். அதைக் கையில் வாங்கின பிறகுதான் பேச்சோடு பேச்சாக விவரம் தெரிந்தது. மெயின் ரோட்டைத் தாண்டி இருக்கிற குழாயில், விடிவதற்கு முன் போய் வரிசையில் நின்று அவள் கொண்டுவருவது தினம் இரண்டு குடம். அதில்தான் நான் இரண்டாவது டம்ளர் கேட்டிருக்கிறேன். டம்ளரை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டு விழித்தேன். பேச்சி சிரித்துவிட்டாள். "குடிங்கய்யா. வரி போட வந்தவுக தொண்ட வறண்டு திரும்பிப் போனா எங்களுக்குல்லா நட்டம்" என்றாள்.

செலவைக் கழித்துப் பார்த்தேன். வரி போடும் வரம்புக்கு வெகு தூரம் கீழே இருந்தது. தோல் செலவு என்ற ஓர் இனத்தை மட்டும் நான் எழுதாமல் விட்டால் போதும். சர்க்காருக்கு லாபம், சுடலைமுத்துவுக்கு ஓட்டு, சந்துக்குக் குழாய். ஆட்சேபிக்க ஆளே இல்லை. ஆனால் பொய்க் கணக்குப் பொய்க் கணக்குதான் என்று பத்து வருஷமாக ஊராரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்த வாய் எனக்கு. உள்ளதை எழுதினேன். வரி போட முடியாது, ஆகையால் ஓட்டும் வராது என்று அவரிடம் சொல்லவும் சொன்னேன். என் சர்வீசில் அவ்வளவு கேவலமாக நான் என்றைக்கும் உணர்ந்ததில்லை. சுடலைமுத்து கோபப்படவில்லை. கையிலிருந்த வாரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "உப்புக்கு வரி குடுக்கேன், தீப்பெட்டிக்குக் குடுக்கேன், மண்ணெண்ணெய்க்குக் குடுக்கேன், அதுக்கெல்லாம் ஓட்டு கெடையாதாய்யா?"

கல்யாணராமன் கணக்குப் போடவில்லை

இந்தக் கேள்வியைக் கொண்டுபோய்க் கல்யாணராமனிடம் கேட்டேன். ரூபாயில் எத்தனை அணா என்று தூக்கத்தில்கூடச் சொல்லக் கூடியவர் அன்றைக்குப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். உப்பு, சர்க்கரை, தீப்பெட்டி, மண்ணெண்ணெய், புதிதாகப் புகையிலை என்று விரலை மடக்கினார். "அவா பங்கும் சின்னதில்லை ஓய், நான்தான் இதுவரைக்கும் அந்தப் பக்கம் பாக்கவே இல்லை" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது எனக்கு ஆச்சரியம்தான்.

யுத்தம் முடிந்து தேர்தலும் வந்து போயிற்று. நான் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டேன். தாராவிப் பக்கம் போக மட்டும் முகம் இல்லை. அந்தச் சந்து முனையில் இந்தத் தடவையும் ஒரு கார் வந்து, கேட்டு, திரும்பிப் போனதாக லேபர் கேம்ப் டீக்கடையில் சொன்னார்கள். அதையும் கல்யாணராமனிடம் சொன்னேன். நியாயம் சுடலைமுத்து பக்கம்தானே, பிறகு எங்கேதான் தப்பு நடந்தது என்று கேட்டேன். அவர் ஃபைலை மூடிவிட்டுச் சொன்னார்: "நம்ம வரிக்கு ரசீது உண்டு, உப்புக்கு எவன் ஓய் ரசீது குடுத்தான்?"

செம்பூரிலிருந்து ஒரு தகரப் பெட்டி

அப்புறம் காரியங்கள் மளமளவென்று நடந்தன. உப்பு வரி போயிற்று. மிகை லாப வரியும் போயிற்று. சுயராஜ்யம் வந்தது. மின்விசிறிகள் போகவில்லை, பாண்டுரங் நிம்மதியானார்.

செம்பூரில் அகதிகள் முகாம் ஏற்பட்ட புதிதில், கராச்சியிலிருந்து வந்த ஒரு பெரியவர் தகரப் பெட்டியோடு என்னிடம் வந்தார். திறந்தால் உள்ளே முழுக்க வருமான வரி ரசீதுகள், வருஷவாரியாக நூல் கட்டி அடுக்கியிருந்தன. செம்பூரில் சின்னதாக ஒரு துணிக்கடை போட உத்தேசம். கடனுக்குச் சரக்குக் கொடுப்பவர்கள், நீர் யார் என்று கேட்கிறார்களாம். இந்த ரசீதுகளைப் பார்த்து நாங்கள் ஒரு கடிதம் கொடுக்க முடியுமா என்றார். ஆபீசர் சட்டப் புத்தகத்தைத் தேடவில்லை, உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பெரியவர் கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு இந்தியில் சொன்னார்: "ஒவ்வொரு தடவை கட்டும்போதும் உங்கள் இலாகாவைச் சபித்திருக்கிறேன், அதையெல்லாம் இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்."

நாற்காலியில் உட்கார்ந்தார்

ஒவ்வொரு தெருவாக, கடை கடையாக ஏறி இறங்கிப் புதிதாக வரி கட்ட வேண்டியவர்களைக் கண்டுபிடிப்பது இன்ஸ்பெக்டர் வேலையில் ஒரு பகுதி. இந்த வருஷம் எனக்கு விழுந்த வட்டாரம் தாராவி. சுடலைமுத்துவின் குடிசை இருந்த இடத்தில் தகரக் கூரை போட்ட ஷெட் நின்றது. இரண்டு தையல் மெஷின், நாலு ஆட்கள், மூலை நிறையப் பள்ளிக்கூடப் பைகள். பட்டாளத்துக்கு வார் தைத்த கை, சண்டை ஓய்ந்ததும் பைக்கும் பெல்ட்டுக்கும் மாறியிருந்தது. லேபர் கேம்ப் ராத்திரிப் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படித்து, தம் கையாலேயே கணக்கு நோட்டு வைத்திருந்தார். புரட்டிப் பார்த்தேன். தோல் வாங்கின செலவு அணா பைசா விடாமல் கழித்திருந்தது. அப்படிக் கழித்த பிறகும் வரம்பைக் கொஞ்சம் தாண்டி நின்றது.

எனக்குச் சந்தோஷமும் சங்கடமும் சேர்ந்து வந்தது. ஏனென்றால் அதற்குள் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று முடிவாகி, வீடு வீடாகப் பெயர் எழுதவும் வந்துவிட்டார்கள். சுடலைமுத்து பெயரும் பேச்சி பெயரும் ஓட்டர் ஜாபிதாவில் ஏறிவிட்டன. வேண்டும் என்று கேட்டு வந்த அன்று போடாத வரியை, ஓட்டு சும்மா கிடைத்த பிறகு போய்ப் போடுகிறேன். நோட்டீஸ் கொடுக்கும்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

பணத்தைப் பாங்கியில் கட்டிவிட்டு, முத்திரை போட்ட சலானோடு ஆபீசுக்கு வந்தார். இந்தத் தடவை நான் காட்டுவதற்கு முன்னாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "ஓட்டுக்கு இனிமேல் வரி வேண்டியதில்லையே, இப்போது போய் உங்களுக்கு இந்தத் தண்டம் வந்து சேர்ந்ததே" என்றேன். சுடலைமுத்து சலானை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். "ஓட்டுக்காக அவன் வண்டிய விட்டு எறங்குவான். கொழாய் போடச் சர்க்கார்ட்ட துட்டு இல்லம்பான். அப்ப இந்தச் சீட்டக் காட்டுவேம்யா, எங்க பங்கு இந்தா இருக்குன்னு."

குழாய் முனிசிபாலிடியைச் சேர்ந்தது, இந்த வரி போவது டில்லிக்கு என்று விளக்கம் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது உண்மை. ஆனால் கூட்டிச் சொல்லும் பழக்கம் அவரிடமிருந்து எனக்கும் ஒட்டிக்கொண்டதோ என்னவோ, "காட்டுங்கள், கட்டாயம் குழாய் வரும்" என்று சொல்லிவிட்டேன்.